பழைய நூலில் ஒரு குல்லாய்

இனிமேல் இந்த வீட்டுக்குள் ஒரு உருண்டை புது நூல்கூட வராது என்று பெரியவள் வாக்குக் கொடுத்தது கோபத்தில்தான். அலமாரி மேல்தட்டிலிருந்து அவள் கணவர் குடையை இழுக்க, நூல் பை ஒன்று சரிந்து அவர் தலையில் விழுந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. அடிபட்ட மனிதர் கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அவர் சிரித்தார்.

“பாத்துக்கிட்டே இரு, ஒருநாள் நம்ம வீட்டுக் குழாயத் தொறந்தாக்கூட நூல்தான் வரப்போவுது.”

“இருக்கறதையெல்லாம் பின்னி முடிச்சிட்டுத்தான் இனி கடைப்பக்கம் காலெடுத்து வைப்பேன். போதுமா?”

“நீ முடிக்கறதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துடும். பரவால்ல, காத்திருக்கேன்.”

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் முன்மேசை வேலை அவளுக்கு. வருபவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது, போனை எடுப்பது, மீதிப் பொழுதெல்லாம் மேசைக்கு அடியில் ஊசியும் நூலும். கழுத்துத் துண்டு, கையுறை, தேநீர்ப் பானைக்குச் சட்டை என்று என்னென்னவோ பின்னினாள். ஆனால் பின்னுவதைவிட நூல் வாங்குவதில்தான் அவளுக்கு ருசி அதிகம். கட்டிலுக்கு அடியில், துணி துவைக்கும் இயந்திரம் வந்த அட்டைப் பெட்டியில், பழைய சூட்கேஸில் என்று வாங்கியதெல்லாம் நிறத்துக்கு ஒன்றாக உறங்கியது. ஒருமுறை அந்துப்பூச்சி புகுந்து ஒரு நல்ல நூலை அரித்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு பைக்குள்ளும் பெட்டிக்குள்ளும் அந்துருண்டையைக் கைநிறைய அள்ளிப் போட்டு வைப்பாள்.

மாடியில் குடியிருப்பது அவள் கொழுந்தனும் அவன் மனைவியும். அந்தப் பெண் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து இவள் பெரியவள், அவள் சின்னவள். ஓரகத்திகள் என்றாலே எலியும் பூனையும் என்பார்கள். இவர்கள் அப்படியில்லை. சின்னவளுக்குத் தலை வலித்தால் பெரியவளிடம்தான் தைலம் கேட்டு இறங்கி வருவாள்.

சின்னவள் உண்டானதும் பெரியவளுக்குக் கை பரபரத்தது. போர்வை, சட்டை, குல்லாய், மூன்றும் ஒரே நூலில். அலுவலகத்திலிருந்து திரும்புகிற வழியில் கடைக்குள் நுழைந்து, பச்சைக் குழந்தைகளுக்கென்றே வைத்திருந்த பஞ்சு போன்ற பருத்தி நூலைக் கன்னத்தில் வைத்துக்கூடப் பார்த்தாள். கணவரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. வைத்துவிட்டு வந்துவிட்டாள். சூட்கேஸின் அடியில், ஏதோ ஒரு நல்ல காரியத்துக்கு ஆகட்டும் என்று வருஷக்கணக்காகப் பொத்தி வைத்திருந்த இளம்பச்சை நூல் இருந்தது. ‘இதைவிட நல்ல காரியம் எது?’ என்று தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

பின்னி முடித்ததும் நன்றாக அலசி, நிழலில் விரித்துக் காயவைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். ஆனால் பிள்ளை சொன்ன நாளுக்கு முன்பே பிறந்துவிட்டது. போர்வையின் கடைசி ஓரத்தை முடித்த அன்று, தாயும் மகனும் மருத்துவமனையிலிருந்து நாளைக்கு வீடு திரும்புகிறார்கள் என்று செய்தி. வெளியே விடாத மழை. அலசினால் எப்போது காயும்? விசிறிக் காற்றில் கொஞ்ச நேரம் உதறிப் போட்டாள். அந்துருண்டை வாடை போகவில்லை. குழந்தைப் பவுடரை மேலே தூவித் தட்டிவிட்டாள்.

சின்னவள் போர்வையைப் பிரித்துப் பார்த்துக் கண் கலங்கிவிட்டாள். குல்லாயைப் பிள்ளையின் தலையில் மாட்டினால், அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. பிறகுதான் குனிந்து முகர்ந்தாள்.

“அக்கா, ஏதோ வாடை அடிக்குதே? பீரோக்குள்ள வெச்ச மாதிரி.”

“அது புது நூல் வாசனைம்மா. ரெண்டு நாள்ல போயிடும்.”

புது நூல். சொல்லும்போதே நாக்கு கூசியது. ஆனாலும் சொல்லிவிட்டாள். அலசவில்லை என்று சொன்னால் மானம் போய்விடும் என்று தோன்றியது. சின்னவளும் பெரியவள் சொன்னால் வேதவாக்கு என்று அதையே சுற்றி, அதிலேயே படுக்கவைத்து, அதையே அணைத்துக்கொண்டு கிடந்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள் பிள்ளையின் முகம் மஞ்சளடித்தது. பிறந்த பிள்ளைக்கு இது சகஜம்தானே என்று முதலில் எல்லோரும் இருந்தார்கள். மஞ்சள் நெஞ்சுக்கு இறங்கியது, பாதத்துக்கு இறங்கியது. பால் குடிக்க எழுப்பினால் கண் திறக்கவில்லை. துணியில் சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. கொழுந்தன் அள்ளிக்கொண்டு ஓடினான்.

மருத்துவமனையில் பிள்ளையின் கண்ணைக் கட்டி, நீல விளக்குக்கு அடியில் வெறும் உடம்போடு படுக்கவைத்தார்கள். பாலூட்டும் நேரத்துக்கு மட்டும் எடுத்துத் தாயிடம் கொடுப்பார்கள். அப்போது குளிரக் கூடாதென்று சின்னவள் பச்சைப் போர்வையில் சுற்றிக்கொள்வாள். பினாயில் நெடி அடிக்கும் அந்த வார்டில் வேறு எந்த வாடையும் யார் மூக்குக்கும் எட்டவில்லை.

வேலை முடிந்து பெரியவள் போனபோது குழந்தை டாக்டர் தாழ்வாரத்தில் கொழுந்தனிடம் பேசிக்கொண்டிருந்தார். நரைத்த குட்டை முடியும் அவசரமில்லாத குரலுமான பெண்மணி.

“சாதாரண மஞ்சள் காமாலை மாதிரி தெரியல. குழந்தையோட ரத்தம் உள்ளுக்குள்ளயே உடையுது. சில குழந்தைங்களுக்குப் பிறவியிலயே ரத்தத்துல ஒரு சத்து குறைவா இருக்கும். சாதாரணமா ஒண்ணும் பண்ணாது. ஆனா சில மாத்திரைங்க, சில பொருளுங்க ஆகாது. அதுக்குத்தான் ரத்தம் பரிசோதனைக்குப் போயிருக்கு. உங்க வீட்ல அந்துருண்டை போடற பழக்கம் உண்டா?”

“எங்க வீட்லயா? கிடையவே கிடையாது டாக்டர். நாங்க அத வாங்கினதே இல்ல.”

“துணியில, போர்வையில?”

“எல்லாமே புதுசு டாக்டர்.”

டாக்டர் பெரியவளையும் ஒருமுறை பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படியோ அப்படி நின்றாள் அவள். ‘நான் சொல்கிறேன்’ என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. கொழுந்தன் ‘கிடையவே கிடையாது’ என்று அடித்துச் சொன்ன பிறகு, அவன் எதிரிலேயே எப்படி? டாக்டர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அவர் பின்னால் ஓடாமல் அவள் வார்டுப் பக்கம் திரும்பினாள்.

வார்டுக்குள் சின்னவள் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

“என் பால் பத்தலக்கா. அதான் இப்படி ஆயிடுச்சு. ஆரம்பத்துலயே நர்ஸ் சொன்னாங்க, இன்னும் அடிக்கடி குடுங்கன்னு. நான்தான் தூங்கிட்டேன்.”

“அப்படியெல்லாம் இல்லம்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல.”

“அப்புறம் யார் மேலக்கா?”

பெரியவள் அவள் முதுகைத் தடவினாள். தடவுகிற கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. பதில் சொல்வதற்குப் பதிலாக, கட்டில் ஓரத்தில் கிடந்த போர்வையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். “அழுக்காயிருக்கு, தோய்ச்சுக் கொண்டாரேன்” என்றாள். ஆஸ்பத்திரித் துணியொன்றைக் கேட்டு வாங்கி, மடித்து அதன் இடத்தில் வைத்தாள். எவ்வளவு அக்கறை என்று பக்கத்துக் கட்டில்காரி வியந்தாள்.

வீட்டுக்கு வந்து போர்வையை வாளித் தண்ணீரில் முக்கினாள். பவுடர் வெள்ளையாகப் பிரிந்து மிதந்தது. அது போனதும் கீழிருந்து அந்துருண்டை நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. குளியலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு மாடிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்ச் சட்டையைத் தேடி எடுத்தாள். குல்லாயைக் காணோம். தொட்டிலை உதறினாள், அழுக்குக் கூடையைக் கவிழ்த்தாள், கிடைக்கவில்லை. எங்கோ விழுந்திருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். இனிப் பிள்ளைக்கு அது படாது, தேறிவிடும், யாருக்கும் தெரியவும் வேண்டாம். இப்படி ஒரு கணக்குப் போட்டாள். போட்டதும் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது. ஆனால் கணக்கைக் கலைக்கவில்லை.

கணவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, நீ சாப்பிடு” என்றார். அவருக்கும் சொல்லவில்லை. தட்டை மூடி வைத்தாள்.

மறுநாள் காலை வேலைக்கு வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போனாள். வாசலிலேயே கொழுந்தன் பிடித்துக்கொண்டான். “மஞ்சள் இன்னும் ஏறிட்டேதான் இருக்கு அண்ணி. சாயங்காலம் பாத்துட்டு, ரத்தத்தையே மாத்த வேண்டி வரலாம்னு சொல்றாங்க.” இரண்டு நாள் தாடியோடு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றான்.

உள்ளே சின்னவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிய பிள்ளையின் தலையில் இளம்பச்சைக் குல்லாய்.

“என் தலகாணிக்கு அடியிலயே இருந்திருக்குக்கா. ஏசி ரொம்பக் குளிருதுன்னு...”

அவள் முடிப்பதற்குள் பெரியவள் பாய்ந்து குல்லாயைப் பிடுங்கினாள். பிள்ளை திடுக்கிட்டு, சக்தியில்லாத குரலில் சிணுங்கியது. சின்னவள் அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு பின்வாங்கினாள்.

“என்னக்கா ஆச்சு உங்களுக்கு?”

“அதப் போடாத. அது புது நூல் இல்ல. வருஷக்கணக்கா அந்துருண்டையோட பெட்டியில கெடந்த நூல். போர்வை, சட்டை, எல்லாமே. நான் அலசவே இல்லம்மா. பவுடரப் போட்டு மறைச்சேன்.”

சொல்லிவிட்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் நர்ஸிடம் ஓடினாள். “டாக்டரக் கூப்பிடுங்க. நேத்து அவங்க கேட்டாங்க, நான் சொல்லல. கூப்பிடுங்க.”

டாக்டர் வந்தார். குல்லாயை வாங்கி முகர்ந்தார். பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டச் சொன்னார். பிள்ளையின் தலையைத் துடைக்கச் சொன்னார், தாயின் உடையையும் படுக்கை விரிப்பையும் மாற்றச் சொன்னார். எல்லாம் ஆன பிறகுதான் பெரியவள் பக்கம் திரும்பினார்.

“இது ஆகாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்ல. நிறைய பேருக்குத் தெரியாது. ஆனா நேத்து நான் கேட்டேனே?”

பெரியவள் தலை கவிழ்ந்தாள்.

கொழுந்தன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். “அண்ணி, நீங்க என் பக்கத்துலதான நின்னீங்க?” என்று மட்டும் கேட்டான். ஏதோ நம்ப முடியாத விஷயத்தைச் சரிபார்ப்பதுபோலக் கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

சின்னவள் பிள்ளையின் துணியைச் சரிசெய்தபடி, நிமிராமலே பேசினாள். “நான் சொன்னேன்லக்கா. வாடை அடிக்குதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல.”

“சொன்னம்மா.”

“நேத்து நான் என் பால நொந்துக்கிட்டு அழுதேன். நீங்க என் முதுகத் தடவிட்டு இருந்தீங்க.”

“ஆமா.”

“போயிடுங்கக்கா. இப்ப எனக்கு உங்களப் பாக்க முடியல.”

போனாள். பேருந்தில் தன் நிறுத்தத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்தாள். கணவரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. “புது நூல் வாங்கிக்கன்னு நானே சொல்லியிருக்கணும். விளையாட்டாப் பேசினது” என்று மட்டும் முணுமுணுத்தார். அவர் தன் பங்குக்கு ஒரு பழியை எடுத்துக்கொண்டதால் இவளுடைய பாரம் குறையவில்லை.

சாயங்காலப் பரிசோதனையில் மஞ்சள் ஏறாமல் நின்றிருந்தது. ரத்தத்தை மாற்ற வேண்டாம், பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். அடுத்தடுத்த நாட்களில் இறங்கியது. பரிசோதனை முடிவில் டாக்டர் சந்தேகப்பட்டதே சரி என்று வந்தது. ஆயுளுக்கும் இந்தப் பிள்ளைக்கு என்னென்ன ஆகாது என்று அச்சடித்த ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். இதையெல்லாம் கொழுந்தன் அண்ணனிடம் சொல்ல, அண்ணன் வழியாகத்தான் பெரியவளுக்குத் தெரிந்தது.

அவர்கள் வீடு திரும்புவதற்கு முன், பெரியவள் மூட்டை மூட்டையாக நூலை வெளியே இழுத்துப் போட்டாள். கார் பயிற்சிக்கு வரும் பெண்ணொருத்தி, தானும் பின்னுவதாகவும் பழைய நூல் இருந்தால் கொடுக்கும்படியும் எப்போதோ கேட்டிருந்தாள். அந்தப் பெண்ணுடைய வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால்? இறுக்கிக் கட்டிக் குப்பை வண்டியிலேயே போட்டாள். கணவர் கூடவே தூக்கினார், ஒரு கேலி வார்த்தை பேசவில்லை. பெட்டிகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். அலமாரிகளை ஈரத்துணியால் துடைத்தாள். ஊசிகள் மட்டும் மேசை இழுப்பறையில் கிடந்தன. அதைத் திறப்பதையே தவிர்த்தாள்.

மாடியில் பிள்ளை அழும் சத்தம் கேட்கும். ஏறிப் போகத் துணிச்சல் வராது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சின்னவள் ஒதுங்கி வழிவிடுவாள், அவ்வளவுதான். தைலம் கேட்டு யாரும் இறங்கி வரவில்லை. கொழுந்தன் ‘அண்ணி’ என்பதை விடவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பேச்சு தொடரவில்லை.

மழைக்காலம் போய் வெயில் சுளீரென்று அடிக்கத் தொடங்கிய ஒரு விடுமுறை நாளில் கதவு தட்டப்பட்டது. சின்னவள் பிள்ளையோடு நின்றிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள்.

“குளிச்சிட்டு வந்துடறேன். அவரு வெளிய போயிருக்காரு. கொஞ்சம் பாத்துக்கறீங்களா?”

பெரியவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புடவையைக்கூட மாற்றிக்கொண்டு வந்துதான் பிள்ளையை வாங்கினாள். கனமாகியிருந்தான். இவள் மூக்கைப் பிடித்து இழுத்தான்.

அவனை ஜன்னலோரம் கொண்டுபோய், கட்டைவிரலால் கீழிமையை மெல்ல இழுத்துப் பார்த்தாள். கன்னத்தை லேசாக அழுத்திவிட்டுத் தோலின் நிறத்தைப் பார்த்தாள். மறுபடி கண்ணைப் பார்த்தாள். சின்னவள் இன்னும் வாசலிலேயே நிற்பதை அப்புறம்தான் கவனித்தாள்.

“வெள்ளையாத்தான் இருக்குக்கா” என்றாள் சின்னவள். “நானும் தெனமும் பாக்கறேன்.”

பிறகு படியேறிப் போனாள். மேலே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பெரியவள் ஜன்னலை விட்டு நகரவில்லை.