சிம்ராவின் இடுப்பில் மூன்று வட்டங்கள்

சிம்ராவின் இடுப்பில் மூன்று சிவப்பு வட்டங்கள், சட்டைப் பொத்தான் அளவில். மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த மஹ்விஷின் கை நின்றது. கொசுக்கடி இவ்வளவு வட்டமாக இருக்காது. சிகரெட்டால் சுட்டால் இருக்கும்.

கச்சேரி ரோட்டிலிருந்த அந்த வீட்டில் சிகரெட் பிடிப்பவன் கணவனின் தம்பி தௌசீஃப் மட்டுமே. அவள் தி.நகர் துணிக்கடைக்குப் போனபின் குழந்தையைப் பார்த்துக்கொள்பவனும் அவன்தான்.

"தௌசீஃப் சாச்சா இன்னா பண்ணாரு, சொல்லு கண்ணு?"

"தாடி குத்துது."

மறுநாள் மூக்கின் கீழே இன்னொன்று.

"இன்னா பாபி மொறைக்கிறீங்க? நான் இன்னும் டீகூட கேக்கலையே" என்று அண்ணியைக் கேட்டான் தௌசீஃப்.

அவள் கணவன் உபைதிடம் சொன்னாள்: "உங்க தம்பி வேற ரூம் பாத்துக்கட்டும். இல்லாட்டி கொழந்தைய தூக்கிக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன்."

"மொதல்ல டாக்டராண்ட காட்டு. அவன் பண்ணதுதான்னா நானே வெளிய தள்றேன்."

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்த டாக்டரிடம் ஸ்கூட்டரில் கூட்டிப்போனது தௌசீஃப்தான். மஹ்விஷ் அவனைக் கிளினிக் வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

"சூடு வெச்ச காயமா டாக்டர்?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

டாக்டர் சாருலதா மூக்கின் கீழிருந்த புண்ணைப் பார்த்தார். அதன் மேல் தேன் காய்ந்தது போன்ற மஞ்சள் பொருக்கு. பிறகு, குழந்தையைத் தாங்கியிருந்த மஹ்விஷின் கையைப் பார்த்தார். உள்பக்கம் அதே வட்டம், அதே மஞ்சள்.

"இது?"

"வடை சுட்டப்போ எண்ணெ தெறிச்சிடுச்சு."

"எப்பவும் இந்தக் கையிலதான் தூக்குவீங்களா?"

"ஆமா."

"அவ இடுப்பு படற இடம் அது. எண்ணெய் இல்லம்மா, அவகிட்டேர்ந்து உங்களுக்கு ஒட்டியிருக்கு. சுட்ட காயம் ஒட்டுமா?"

மஹ்விஷ் தன் கையையே பார்த்தாள்.

டாக்டர் விளக்கினார்: இது பாக்டீரியா செய்கிற வேலை. சொறிந்த இடத்தில் நுழைந்து மெல்லிய கொப்புளத்தை எழுப்பும். கொப்புளம் உடைந்தால் வட்டமான சிவப்புப் புண். அந்த நிலையில் பார்ப்பவர்களுக்குச் சிகரெட் நெருப்பு ஞாபகம் வரும். பிறகு கசிவது காய்ந்து மஞ்சள் பொருக்காகும். சொறிந்த நகமும் துடைத்த துண்டும் அதை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும்.

வெளியே தௌசீஃப் எழுந்து நின்றான். "இன்னா சொன்னாங்க பாபி?"

அவள் டாக்டர் தந்த களிம்பை அவன் கையில் வைத்தாள்.

"ஒட்டுற புண்ணு. எனக்கும் வந்துகீது. சோப்புத் தண்ணியில பொருக்க ஊறவெச்சு மெதுவா எடு. களிம்பு போட்டு, துணியால மூடு. நகத்த வெட்டு. துண்டு அவளுக்குத் தனி. ஆறுற வரைக்கும் மத்த பசங்களோட விடாத. மத்தியானம் நீதான் போடணும். போட்டதும் கையக் கழுவு."