தாழ்ப்பாளுக்கு வெளியே

“அப்பா, அவங்களும் ஜெபிப்பாங்கல்லே? அப்பம் தெய்வம் யாருக்க பேச்சக் கேக்கும்?”

காலை ஆராதனை முடிந்து வரும் வழியில் ஜெஸி இதைக் கேட்டாள். தெற்காசியக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் அன்று மாலை காரியவட்டம் மைதானத்தில். இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் மோதின. போதகர் இந்தியாவின் வெற்றிக்காகவும் இரண்டு வார்த்தை சேர்த்து ஜெபித்திருந்தார்.

“ரெண்டு பேருக்கயும் கேக்கும் மக்களே,” என்றார் வன்னியராஜ்.

“கேட்டிட்டு?”

அவர் வழியோரக் கடையில் அவளுக்குப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார்.

வன்னியராஜுக்குத் தம்பானூரில் பை, பெட்டி விற்கும் கடை. ஜெஸி கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு பொருத்தனை செய்திருந்தார். அன்றிலிருந்து விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கே இருந்தாலும் ஓர் அறைக்குள் போய்க் கதவை அடைத்து முழங்காலில் நிற்பார். கடையில் சரக்கு அறை, ரயிலில் கழிப்பறை. “கதவு தொறந்து கெடந்தா ஒங்க தெய்வத்துக்குக் காது கேக்காதோ?” என்று மனைவி ரத்னாபாய் கேலி செய்வாள். ஆனாலும் அந்த நேரத்தில் அவரை யாரும் கூப்பிடாமல் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

அன்று மாலை மகளோடு ஆட்டம் பார்க்க வந்திருந்தவர், முதல் பாதி முடிந்து இடைவேளை விட்டதும் எழுந்தார்; விளக்கு வைக்கும் நேரமாகியிருந்தது. போனை ஜெஸியின் கையில் கொடுத்தார். அவளுக்குப் படம் எடுக்க வேண்டுமாம்.

“ஜெபிச்சிட்டு வாறேன், அஞ்சு நிமிஷம். எடத்த விட்டு அனங்கப்பிடாது, கேட்டியா?”

பக்கத்து இருக்கையில் இருந்த ஷீனா என்ற பெண் சிரித்தாள். “போயிட்டு வா சேட்டா. நான் நோக்கிக்கொள்ளாம்.”

படிக்கட்டுக்கு அடியில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கும் அறை ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே போய் இரும்புக் கதவைச் சாத்தி, கண்ணை மூடினார். வெளியே யாரோ நடந்து போனார்கள். சாத்தியிருந்த கதவைக் கண்டு, வேலை முடிந்த அறை என்று நினைத்திருக்க வேண்டும். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. ஜெபத்தின் நடுவில் குரல் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆமென் சொல்லி எழுந்து கதவைத் தள்ளினார். அது அசையவில்லை.

முதலில் மரியாதையாகத் தட்டினார். பிறகு குத்தினார். அதற்குள் இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. தலைக்கு மேலே கான்கிரீட் முழுவதும் கால்கள் அதிர்ந்தன. கூரையோரம் கையகலத்தில் ஒரு துவாரம் இருந்தது. அதன் வழியாக வெளிச்சம் வந்தது, இரைச்சல் வந்தது. அவருடைய குரல் மட்டும் வெளியே போகவில்லை.

ஷீனா நல்ல பெண்தான். ஆனால் ஆட்டம் முடிந்தால் அவளும் போக வேண்டியவள். எல்லா வாசல்களையும் நோக்கி மைதானமே கவிழும்போது ஜெஸி என்ன செய்வாள்? சொன்னபடி உட்கார்ந்திருப்பாளா, அப்பாவைத் தேடி இறங்குவாளா? இரண்டில் எது மோசம் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

திடீரென்று மைதானம் அடங்கியது. ஆப்கானிஸ்தான் கோல் போட்டுவிட்டது என்று புரிந்தது. ஊரே வாயடைத்து நின்ற அந்த அமைதியில் ஓடிப்போய்க் கதவில் அறைந்தார். “ஆளிருக்கு! உள்ள ஆளிருக்கு!” வெளியே ஒரு செருப்புச் சத்தம் நின்றதுபோல் இருந்தது. அதற்குள் மேலே இடி விழுந்தது. இந்தியா திருப்பிப் போட்டுவிட்டது. செருப்புச் சத்தம் படியேறி ஓடிப்போனது.

அதன்பிறகு ஆட்டம் நீண்டுகொண்டே போனது. கூடுதல் நேரம் என்று ஊகித்தார். உள்ளங்கை வீங்கிவிட்டது. நாற்காலிகளுக்கு நடுவே மறுபடி முழங்காலிட்டார்.

“ஆண்டவரே, நம்ம ஆளுக இனி கோல் போட வேண்டாம். அவங்களே போடட்டும். ஒரு நிமிஷம் எல்லாரும் சத்தமில்லாம இருந்தாப் போதும்.”

சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. காலையில் மகள் கேட்டதும் கூடவே நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த ஜெபத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அது கேட்கப்படவும் இல்லை. மைதானம் மறுபடி வெடித்தது. கொஞ்ச நேரத்தில் நீண்ட விசில், செண்டை, பட்டாசு. கோப்பை இந்தியாவுக்கு. தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான கால்கள் வாசலை நோக்கி இறங்கின. ஒவ்வொரு காலடியும் ஜெஸியைத் தாண்டிப் போவதாக அவருக்குத் தோன்றியது. இப்போது அவர் கத்தவில்லை. ஒரு நாற்காலிக் காலால் கதவில் தட்டிக்கொண்டே இருந்தார்.

“உள்ளே ஆளுண்டோ?”

பழக்கமில்லாத நாக்கில் புரண்ட மலையாளம். தாழ்ப்பாள் நீங்கியது. எதிரே ஓர் இளைஞன் நின்றான். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவனாக இருக்கலாம். தோளில் ஆப்கானிஸ்தான் கொடி. கண்கள் சிவந்திருந்தன. கொண்டாட்டத்துக்கு முதுகைக் காட்டி, ஆளில்லாத ஒரு மூலை தேடித்தான் அவன் இங்கே வந்திருக்க வேண்டும்.

வன்னியராஜ் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு படியேறி ஓடினார்.

ஜெஸி அதே இடத்தில் இருந்தாள். ஷீனாவும் இருந்தாள். சுற்றிலும் எல்லா இருக்கைகளும் காலி.

“என்ட சேட்டா, இது என்னா ஜெபம்? முழு பைபிளும் வாயிச்சு தீர்த்தோ?” என்று கடிந்துகொண்ட ஷீனா, அவர் கையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தித் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஜெஸி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஏதோ கேட்க நினைத்து, அதற்குள் தோளிலேயே தூங்கிப்போனாள்.

ஷீனா விடைபெற்றுப் போன பிறகு அவர் கீழே இறங்கினார். நன்றி சொல்லாமல் ஓடியது உறுத்தியது. நடையில் யாரும் இல்லை. அந்த இரும்புக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து விம்மலா வேண்டுதலா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம், மிக மெல்ல.

தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். பிறகு இறக்கிக்கொண்டார்.

நடையின் மறுகோடியிலிருந்து காவலாளி ஒவ்வொரு கதவாகத் தாழிட்டுக்கொண்டு வந்தான். வன்னியராஜ் கதவில் முதுகைச் சாய்த்து, தாழ்ப்பாளைத் தம் உடம்பால் மறைத்து நின்றார்.

“எந்தா சேட்டா, வீட்டில போகண்டே?”

“குட்டி ஒறங்கிப் போயி. கை கடுக்குது. இத்திரி நின்னுட்டுப் போறேன்.”

காவலாளி தலையாட்டிவிட்டு அடுத்த கதவுக்குப் போனான். அவன் திருப்பத்தில் மறையும்வரை அவர் நகரவில்லை. பிறகு தம் கைக்குட்டையை எடுத்து, தாழ்ப்பாள் விழாதபடி அதன் வளையத்தோடு இறுக்கிக் கட்டினார்.

உள்ளே கொடியை உதறும் சத்தம் கேட்டது. அவன் வெளியே வருவதற்குள் அவர் மகளைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.