நீச்சல் டீச்சரின் மஞ்சள் கோட்டு

எலிக்கு யாரும் நீச்சல் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரில் விட்டால் அது பாட்டுக்கு நீந்தும். அப்படியிருந்தும் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு ‘நீச்சல் டீச்சர்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். பாவம், அவளும்தான் என்ன செய்வாள்? காலையில் வந்தால் எலியைத் தொட்டியில் விடுவது, எடுப்பது, துண்டால் துவட்டுவது என்று இதே பிழைப்பு. வீட்டுக்குப் போய் எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் பால்பவுடர் வாசனை போகாது.

பால்பவுடர் எதற்கு என்கிறீர்களா? தொட்டித் தண்ணீரை வெள்ளையாக்க. அந்தத் தண்ணீருக்குள், மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை இருக்கும். எலிக்கு நனைவது அறவே பிடிக்காது. எப்படியோ தட்டுத் தடுமாறி மேடையைக் கண்டுபிடித்து ஏறிக்கொள்ளும். மறுநாள் விடும்போது, ஞாபகம் உள்ள எலி சுவரில் ஒட்டியிருக்கும் முக்கோணத்தையும் வட்டத்தையும் பார்த்து இடத்தைக் குறித்துக்கொண்டு நேரே வந்துவிடும். ஞாபகம் போன எலி சுற்று சுற்றென்று சுற்றும்.

ஞாபகம் சும்மா போகுமா? அதற்கென்றே ஒரு புண்ணியவான் இருந்தார். எலிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்கிறவர். எல்லாரும் ‘தையல்காரர்’ என்பார்கள், டீச்சருக்கு மட்டும் அண்ணன். எலியை மயக்கத்தில் படுக்க வைத்து, கழுத்து வழியாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாயோடு ஒரு மெல்லிய ஊசியைச் சேர்த்துப் பட்டுநூலால் கட்டிவிட்டு, ஊசியை மட்டும் உருவிவிடுவார். ஊசி இருந்த இடைவெளியில்தான் அப்புறம் ரத்தம் போக வேண்டும். எலி வழக்கம்போல் தின்னும், தூங்கும், பக்கத்துக் கூண்டோடு சண்டை போடும். நேற்றுக் கற்றது மட்டும் இன்றைக்குத் தங்காது.

அந்த மறதிக்கு டீச்சர் ஒரு மருந்து கண்டிருந்தாள். கட்டுப் போட்ட எலிகளில் பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். ஒரு கூட்டத்துக்கு வாலில் நீல மை, மற்றதுக்குப் பச்சை. எந்த நிறத்துக்கு மருந்து என்பது தையல்காரருக்கு மட்டும்தான் தெரியும். டீச்சருக்குத் தெரிந்தால் அவளை அறியாமலே கை அந்தப் பக்கம் சாய்ந்துவிடுமாம். மனுஷ மனசாச்சே!

கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? நீலமும் பச்சையும் ஒன்று பாக்கியில்லாமல் விறுவிறுவென்று நீந்தி வந்து மேடையில் ஏறி மீசையை நீவிக்கொண்டன. அதிலும் நீல வால் ‘உருண்டை’ இருக்கிறதே, பேருக்கேற்ற உடம்பு, அது ஏறினதும் டீச்சரை நிமிர்ந்து ஒரு பார்வை வேறு பார்க்கும். எல்லா எலிக்கும் ஞாபகம் அமோகமாக இருந்தால் மருந்துக்கு அங்கே என்ன வேலை?

துறைத்தலைவி அம்மாள் கூப்பிட்டனுப்பினார். கத்துகிற ஆளில்லை. மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம்.

“நீலத்துக்கும் பச்சைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையேம்மா. வெள்ளிக்கிழமை நானே வந்து உட்கார்ந்து பார்க்கிறேன். அன்னைக்கும் இப்படித்தான்னா, இந்த வேலையை இதோட மூடிட வேண்டியதுதான்.”

அது டீச்சர் கல்யாணமான புதிதில் ஆரம்பித்த வேலை. நேரே போய்த் தையல்காரரிடம் நின்றாள்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ஊசி கொஞ்சம் தடிமனா போயிடுச்சோ? கட்டு தளர்ந்து போயிருக்குமோ?”

அவ்வளவுதான். மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“என் முடிச்சையா சொல்ற? என் ஷூ லேஸ் அவிழும்மா, எலி கழுத்துல நான் போட்ட முடிச்சு அவிழாது!”

சொன்னதோடு விட்டாரா? ரத்த ஓட்டம் அளக்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து எலி எலியாக வைத்துக் காட்டினார். நீலம், பச்சை, எல்லாவற்றுக்கும் ரத்தம் குறைச்சல்தான். காட்டி முடித்துவிட்டு, அன்றிலிருந்து டீச்சரைக் கண்டால் டீ கிளாஸோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மருந்தும் போச்சு, அண்ணனும் போச்சு என்று அவள் இடிந்து போனாள்.

வியாழக்கிழமை காலையில் வீட்டில் இன்னொரு கூத்து.

“ஏம்மா, வண்டிச் சாவி எங்க?” என்றான் கணவன். தினமும் கேட்கிறான். பதில் சொல்லக் கூடாது என்று அன்றைக்கு வீம்பாக நின்றாள். அவன் மேஜையைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்க்கவில்லை, அவள் மூஞ்சியையே பார்த்தான். பிறகு நேரே போய் ஃபிரிட்ஜ் மேலிருந்து சாவியை எடுத்துக்கொண்டான்.

“எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

“நீ ஃபிரிட்ஜைப் பார்த்தியே! அதெல்லாம் நான் எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்? உன்னைப் பார்த்தா போதாதா?”

“மூளைக்கு நல்லா ரத்தம் ஓடுதே, அதை வேற எதுக்குத்தான் வச்சிருக்கீங்க?” என்று பிடித்துக்கொண்டவள், பாதித் திட்டிலேயே வாயை மூடிக்கொண்டாள். உன்னைப் பார்த்தா போதாதா! அடக் கடவுளே, எலியும் என்னைத்தானே பார்க்கிறது?

தொட்டி அறை சில்லென்றிருக்கும். அதனால் அவள் எப்போதும் ஹீட்டர் பக்கத்திலேயே நிற்பாள். எலி உதறினால் நனையாமலிருக்கப் பளீரென்று ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. குனிந்து குனிந்து எடுத்தால் இடுப்பு போகிறதென்று, ஆரம்பத்திலேயே மேடையைத் தான் நிற்கிற இடத்துக்கு முன்னாலேயே, கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டாள். முக்கோணமாவது வட்டமாவது! மஞ்சள் கோட்டைப் பார்த்து நீந்தினால் மேடை வந்துவிடும். இதற்கு எந்த எலிக்குப் பெரிய ஞாபகம் வேண்டும்?

காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

“அண்ணே, உங்க முடிச்சுல ஒரு குறையும் இல்ல. தொட்டிப் பக்கம் நானே கம்பம் மாதிரி நின்னுக்கிட்டு உங்களைச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க.”

தையல்காரர் ஜன்னலைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம் காலி கிளாஸை நீட்டினார்.

“போய் இன்னொரு டீ வாங்கிட்டு வா. பேசலாம்.”

வெள்ளிக்கிழமை தொட்டி ஓரமாகத் திரை கட்டினார்கள். மஞ்சள் கோட்டு வெளியே போயிற்று. டீச்சரும் தலைவி அம்மாளும் திரைக்குப் பின்னால், கேமரா காட்டுகிற படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தையல்காரர் ஒவ்வொரு எலியையும் வேறு வேறு பக்கத்திலிருந்து விட்டுவிட்டுத் திரைக்குள் நுழைந்துகொண்டார்.

பச்சை வால் ஒன்று வந்தது. ஹீட்டர் பக்கம் பார்த்தது, அங்கே ஆளில்லை. கொஞ்சம் தயங்கி, சுவரைப் பார்த்து, வளைந்து போய் மேடையில் ஏறிவிட்டது. அடுத்த பச்சையும் அப்படியே. நீலங்களுக்கோ திசையே தெரியவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றின.

வித்தியாசம் வந்துவிட்டது! துள்ளிக் குதிக்க வேண்டியவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பச்சைக்கு மருந்து என்றால் பிழைத்தாள். நீலத்துக்கு மருந்து என்றால், இருக்கிற கொஞ்ச ஞாபகத்தையும் கெடுக்கிற விஷத்தை அல்லவா இத்தனை வருஷம் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள்? தையல்காரர் வாயைத் திறப்பேனா என்றிருந்தார்.

கடைசியில் உருண்டை. அதற்கு வழக்கமான துள்ளலே இல்லை. சுற்றியது, நடுவில் நின்றது, மறுபடி சுற்றியது. நேரம் முடிந்து மணி அடித்தது. இனிமேல் கையால் மேடைக்குத் தள்ளிவிட வேண்டும், அதுதான் வழக்கம்.

டீச்சருக்குத் தாங்கவில்லை. எழுந்து போய், கோட்டு கூட இல்லாமல், ஹீட்டர் பக்கத்தில் தன் பழைய இடத்தில் நின்றாள்.

உருண்டை திரும்பியது. மீசை தண்ணீருக்கு மேலே தெரிய, அவளைப் பார்த்தே நீந்தி வந்து மேடையில் ஏறி, நிமிர்ந்து பார்த்தது. முக்கோணம் மறந்து போச்சு, வட்டம் மறந்து போச்சு, இவளை மறக்கவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தலைவி அம்மாள் பார்க்கிறாரே என்று கூட நினைக்காமல், அதை அள்ளி எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டாள்.

“அண்ணே, சொல்லிடுங்க. நீலம் எது?”

மனுஷன் கையைத் துடைத்தார், துண்டை மடித்தார், மடித்ததை உதறி மறுபடி மடித்தார். எல்லாம் அந்த முடிச்சுக்குப் பழி வாங்கத்தான்!

“உப்புத்தண்ணி,” என்றார்.

“நாளையிலேருந்து அந்த குண்டுப் பயலுக்கும் மருந்து குடும்மா,” என்றார் தலைவி அம்மாள். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கணவன்.

“ஏம்மா, வீட்டுச் சாவி எங்க வச்சேன்னு...”

வேறு நாளாயிருந்தால் நடப்பதே வேறு. அவள் மடியில் உருண்டை தூங்கிக்கொண்டிருந்தது.

“தேடாதீங்க,” என்றாள். “நான் வந்து நிக்கறேன்.”