செத்தவரின் கையெழுத்து

சுவருக்கு மஞ்சளா நீலமா என்று ரொமால்டோவுக்கும் அவன் மனைவி இனாசின்யாவுக்கும் சண்டை முற்றியிருந்த நேரத்தில்தான் வக்கீல் கூப்பிட்டு, வீட்டை வாங்க முடியாது போலிருக்கிறதே என்றார்.

ரொமால்டோ கப்பலில் சமையல்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆடாத தரையில் படுக்க வேண்டும் என்பது ஒன்றே அவன் ஆசை. கோவாவில் மட்காவ் பக்கத்தில் கித்தேரியாவின் வீடு விலைக்கு வந்தது. சிப்பி பதித்த ஜன்னல்கள், சிவப்புத் தரை, கொல்லையில் கிணறு. அப்பன் வழியில் வந்த வீடு, கித்தேரியா ஒரே பெண். முழங்கால் வலி தாங்காமல் லிஃப்ட் உள்ள அடுக்குமாடிக்குப் போகிறாள். இதில் என்ன வில்லங்கம் வரும்?

வந்தது. வக்கீல் பொறுமையாகச் சொன்னார். கோவாவில் கல்யாணம் ஆனால் சொத்து பாதிப் பாதி. போர்ச்சுகீசியன் போட்ட சட்டம். அவன் போய்விட்டான், சட்டம் போகவில்லை. வீடு அப்பன் வீடானாலும் புருஷன் சிப்ரியான் கையெழுத்து வேண்டும். ஆள் செத்துவிட்டால் இறப்புச் சான்றிதழ் வேண்டும்.

சிப்ரியான் செத்தது ஊருக்கே தெரியும். கல்யாண வீடுகளில் டிரம்பெட் வாசித்த ஆள், கார்வார் கடலில் மூழ்கிப் போனான். கித்தேரியா அன்றிலிருந்து கறுப்பு உடைதான். வருடா வருடம் அவன் ஆன்மாவுக்குப் பூசை வைப்பாள். பூசை முடிந்து அவள் வெளியே வரும்போது பெண்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் சான்றிதழ் கேட்டபோது உடல் கிடைக்கவில்லை என்றாள். போலீஸில் சொன்னதற்கு ஏதாவது காகிதம் இருக்குமா என்று கேட்டபோது, துக்கத்தில் தோன்றவில்லை, என்னை மாட்டிவிட்டுப் போனான் பாவி என்று திட்டினாள். ரொமால்டோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினான்.

"செத்தவனைப் பத்திப் பேசறப்ப பொம்பளைங்க அவனை நல்லவனாக்கிடுவாங்க" என்றாள் இனாசின்யா. "இவ இன்னும் திட்டிக்கிட்டே இருக்கா. அந்த ஆளு எங்கேயோ உசுரோடத்தான் இருக்கான்."

மறுநாள் அவளே போனாள். கித்தேரியா உப்புமீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். இனாசின்யா எதுவும் கேட்காமல் கூடவே உட்கார்ந்து மீனைத் திருப்பிப் போட்டாள். கூடை பாதி காலியானபோது கித்தேரியா தானாகவே சொன்னாள்.

"கார்வார்ல ஒருத்தி சாப்பாட்டுக்கடை வெச்சிருக்கா. அவகூட இருக்கான்."

"அப்புறம் ஏன் அக்கா செத்துட்டான்னு சொன்னீங்க?"

"ஓடிட்டான்னு சொன்னா, உன்கிட்ட என்ன குறைன்னு கேப்பாங்க. செத்துட்டான்னு சொன்னேன். மீன் கொண்டுவந்து குடுத்தாங்க."

இதைக் கேட்டு இனாசின்யா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

ரொமால்டோ ரயிலேறிக் கார்வார் போனான். கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கல்லாவுக்குப் பின்னால், தொந்தியும் தொப்பியுமாக ஒரு கிழவர் நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். டிரம்பெட் ஆணியில் தொங்கியது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ரொமால்டோ ஒரு மீன் சாப்பாடு வாங்கி முழுவதும் தின்றான். குழம்பில் புளி அதிகம் என்று மனதில் குறித்துக்கொண்டான். பிறகு வந்த காரியத்தைச் சொன்னான்.

சிப்ரியான் கோபப்படவில்லை. தான் எப்போது செத்தேன், எப்படிச் செத்தேன் என்று ஆவலாக விசாரித்தார். கடலில் என்று கேட்டதும் முகம் சுளித்தார். அவருக்கு நீந்தத் தெரியும்.

"பேண்டுக்காரங்க வாசிச்சாங்களா?"

"உடம்பே இல்லையே அண்ணே. எதுக்கு வாசிப்பாங்க?"

அதுதான் அவரை வருத்தியது. எத்தனை பேர் சாவுக்கு ஊதியிருக்கிறேன், எனக்கு ஊத ஒருத்தனும் இல்லையா என்று நண்டுக் காலை வெகுநேரம் சப்பினார். சாப்பாட்டுக்கடைக்காரி எட்டிப் பார்த்து, போய்க் கையெழுத்தைப் போட்டுவிட்டு வா, அந்த வீட்டில் ஒரு ஓடு கூட நமக்கு வேண்டாம் என்று தீர்த்துச் சொன்னாள்.

பத்திரம் பதியும் நாளில் சிப்ரியான் சவரம் செய்து, கல்யாணத்துக்கு வாசிக்கப் போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கித்தேரியா அவரைப் பார்க்கவே இல்லை. பெஞ்சில் நடுவே ரொமால்டோவை உட்கார வைத்து, இருவரும் எதிர்ச்சுவரையே பார்த்தார்கள். ரொமால்டோ புயலில் கப்பல் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதுண்டு. அது தேவலை என்று தோன்றியது.

சார்பதிவாளர் சின்ன வயதுப் பெண். நிமிராமல் பெயர், முகவரி கேட்டாள். கல்யாணம் ஆனவரா என்றாள்.

"விதவை" என்றாள் கித்தேரியா. நாக்கின் பழக்கம்.

பேனா நின்றது. "அப்ப பத்திரத்துல புருஷன்னு இருக்கறவரு யாரு?"

வக்கீல் கூரையைப் பார்த்தார். சிப்ரியான் இருமினார்.

"என் புருஷன்" என்றாள் கித்தேரியா. "செத்துட்டாரு."

"செத்தவரு கையெழுத்துப் போட முடியாதும்மா. உயிரோட இருக்காரா இல்லையா, நீங்கதான் சொல்லணும்."

கித்தேரியா முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். தொந்தியைப் பார்த்தாள். நரைத்த காது மயிரைப் பார்த்தாள். ஒப்பந்தம், வீடு எல்லாம் போய்விட்டது என்றே ரொமால்டோ நினைத்தான்.

"இருக்காரு" என்றாள். "நல்லா தின்னுக்கிட்டு இருக்காரு."

சொல்லிவிட்டு அழுதாள். பூசையில் அழும் அழுகை இல்லை. மூக்கைச் சிந்தி, பெஞ்சில் குத்தி, கெட்ட வார்த்தை சொல்லி அழுதாள். சிப்ரியான் கைக்குட்டை நீட்டினார். அவள் அதை வாங்கித் தரையில் எறிந்தாள். அவர் குனிந்து எடுத்து மடித்து வைத்துக்கொண்டு, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் அவர் மெதுவாகக் கேட்டது ரொமால்டோவுக்குக் காதில் விழுந்தது. அந்தப் பூசையை நிறுத்திவிடாதே, இத்தனை வருஷம் எனக்கு உடம்புக்கு ஒன்றும் வந்ததில்லை. கித்தேரியா ஆட்டோ ஏறினாள்.

இதெல்லாம் ரகசியமாக முடிந்திருக்கும். அதே அலுவலகத்தில் தன் வில்லங்கத்துக்காக ஊர் மீன்காரி ரெஜினாவும் உட்கார்ந்திருந்தாள். இருட்டுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நாலைந்து பெண்கள் கித்தேரியாவிடம் நியாயம் கேட்கப் போனார்கள். அவள் கதவைத் திறந்து, அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்.

"வருஷா வருஷம் பூசை வெச்சேன். எழுந்து வந்துட்டாரு. அதுக்கு நான் என்ன பண்றது?"

பாதிரியாருக்குத்தான் தர்மசங்கடம். அற்புதம் இல்லை என்றால் வாங்கிய காணிக்கையைத் திருப்பித் தரவேண்டும்; அற்புதம் என்றால் பேராயர் கூப்பிடுவார். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார்.

ரொமால்டோவும் இனாசின்யாவும் மழைக்கு முன்பே குடிவந்தார்கள். முதல் மழையில் சமையலறை மூன்று இடத்தில் ஒழுகியது. இனாசின்யா குண்டான்களை வைத்துக்கொண்டே போனாள். ரொமால்டோ நடுவில் ஒரு காய்ந்த இடம் பார்த்து அடுப்பை நகர்த்தி, கானாங்கெளுத்தி மீன் குழம்புக்குப் புளி கரைத்தான். கொஞ்சமாக.