ஐயம்பேட்டைத் தெருவில் முகம் மங்கிய ஒருவன்

1

இந்தக் கதை எனக்கு ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் ஒரு கல்யாணம். மண்டபம் எந்தத் தெரு என்று தெரியாமல் ஃபோனில் வரைபடத்தைத் திறந்தேன். அதில் தெருவையே படமாகக் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது அல்லவா? தலையில் காமிராவைக் கட்டிக்கொண்டு ஒரு கார் எப்போதோ ஊர் ஊராகப் போய் எடுத்த படங்கள். அதில் ஒரு வீட்டு வாசல். வெளியே ஓர் ஆண், உள்ளே ஒரு பெண். யாராவது பார்த்துவிடக் கூடாது என்று இரண்டு பேர் முகத்தையும் மங்கலாக்கியிருந்தார்கள்.

முகம் தெரிந்திருந்தால் நான் அடுத்த தெருவுக்குப் போயிருப்பேன். தெரியாததால் அங்கேயே நின்றுவிட்டேன். அம்புக்குறியைத் தொட்டு ஓரடி முன்னால் போய்ப் பார்த்தேன், ஓரடி பின்னால் வந்து பார்த்தேன். நான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தேன். சாம்பார் நன்றாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே முதல் வாக்கியத்தை யோசித்தேன்.

'அந்த வாசலில் அவன் நின்ற விதத்திலேயே ஒரு துரோகம்...'

நிறுத்திவிட்டேன். நிற்கிற விதத்தில் துரோகம் எப்படித் தெரியும்? நானும் ஐம்பது வருடமாக எங்கெங்கோ நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

'பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன காஞ்சி மாநகரில்...'

இதைச் சுற்றுலாத் துறை ஏற்கெனவே எழுதிவிட்டது.

சரி, இதை நான் பார்த்ததாக வேண்டாம். பார்த்தால் யாருக்குத் தூக்கம் போகுமோ அவளிடம் ஃபோனைக் கொடுத்துவிடுவோம் என்று தீர்மானித்தேன். மண்டபம் தேடும் வேலையையும் அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

2

அவள் பெயர் கீர்த்தி. முப்பத்தாறு வயது. காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அப்பா பஸ் கண்டக்டர். பிறந்த வீட்டில் தறி கிடையாது. கட்டிக்கொண்டவன் சிவபாலன், பட்டு நெய்பவன். கல்யாணமாகிப் பதினான்கு வருடம். வீட்டுக்குப் பின்கட்டில் தறி.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு ஐயம்பேட்டையில் மண்டபம் எங்கே என்று தேடியவள், நான் பார்த்த அதே வாசலைப் பார்த்தாள்.

ஆண் கோடுபோட்ட சட்டை. கோடுபோட்ட சட்டை ஊரில் ஆயிரம். பக்கத்தில் ஸ்கூட்டர். நம்பரையும் மங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் அவன் வலது பாதத்தைத் தூக்கி இடது பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு நின்றான். அப்படி நிற்பவன் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான். ரேஷன் கடை வரிசையில், பள்ளிக்கூட வாசலில், அவள் பிரசவ அறைக்கு வெளியே, எல்லா இடத்திலும் அவன் அப்படித்தான் நின்றான்.

அந்தப் பெண்ணின் கையும் அவன் கையும் ஒன்றாக இருந்தன.

படம் எடுத்தது மூன்று வருடத்துக்கு முன்னால், மார்ச் மாதம் என்று மூலையில் போட்டிருந்தது.

கீர்த்தி அதை ரெக்கார்டு ரூம் அம்ருதவல்லியிடம் காட்டினாள். (அம்ருதவல்லி சின்னக் காஞ்சிபுரம். யார் எதைக் காட்டினாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பார்ப்பாள். அது கிட்டப்பார்வையா தூரப்பார்வையா என்று நான் இன்னும் முடிவுசெய்யவில்லை.)

"யாருடி இது?"

"நீங்களே சொல்லுங்க மாமி. இதுல என்ன தெரியுது?"

"என்ன தெரியறது? ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுண்டு நிக்கறா. புதுசாக் கல்யாணம் ஆனவா போல இருக்கு."

கீர்த்தி ஃபோனைத் திரும்ப வாங்கி மூடப் போனாள். ஆனாலும் அவள் தொழில் அவளை விடவில்லை. எலும்பு உடைந்ததா என்று ஒரே படத்தை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுக்க வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கெல்லாம் அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. அம்புக்குறியைத் தொட்டாள்.

அடுத்த படத்தில் கார் நாலடி நகர்ந்திருந்தது. கைகள் விலகியிருந்தன. அந்தப் பெண் எதையோ இரண்டு கையாலும் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீளமாக, மெலிதாக, பளபளவென்று தொங்கியது.

"சங்கிலிடி," என்றாள் அம்ருதவல்லி. "நாலு சவரன் இருக்கும். வாங்கிக் கொடுத்திருக்கான், அவ வெளிச்சத்துல வச்சுப் பாக்கறா."

மூன்றாவது படத்தில் ஒரு லாரி குறுக்கே வந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

3

இங்கே சிவபாலனைப் பற்றி என் சந்தேகத்தையும் சொல்ல வேண்டும்.

முதல் வரைவில் அவனைக் கள்ளனாகத்தான் எழுதினேன். மெல்லிய மீசையும் இரண்டு ஃபோனும் கொடுத்திருந்தேன். அரை மணிநேரம்கூட அந்த ஆள் தாங்கவில்லை. ஒரு ஃபோனுக்கே சார்ஜ் போட மறப்பவன் அவன். மீசையை மட்டும் விட்டுவைத்து இரண்டாவது ஃபோனைப் பிடுங்கிவிட்டேன்.

ஆனால் ஒன்று உண்மை. இருபது நாளைக்கு ஒருமுறை முதலாளி கடைக்குப் போய் நூல் வாங்கி வருவான். நடந்து போய் வருகிற தூரம். காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவான். "கூட்டம்" என்பான். பதினான்கு வருடமாக ஒரே கூட்டம்.*

(* இதைக் கீர்த்தி ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். வேலைக்குப் போகிற பெண்டாட்டி, மதியம் வீட்டில் இருப்பதில்லை. தவிர, நம்புகிறவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. சந்தேகம் வந்த பிறகுதான் கடிகாரமே கண்ணில் படுகிறது.)

செவ்வாய் சாயங்காலம் அவனுக்குத் தோசை வார்த்துக் கொடுத்தாள். "நல்லா இருக்குது," என்றான். எல்லாவற்றுக்கும் அவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான். போன தீபாவளிக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு நின்றபோதும் அதையேதான் சொன்னான். இவளுக்கு அப்போது அது போதுமானதாக இருந்தது.

புதன்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ஐயம்பேட்டைக்கு ஆட்டோ ஏறினாள். கேட்க வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மொத்தம் மூன்று வாக்கியம். மூன்றாவது கொஞ்சம் அசிங்கமானது, அதனால் இங்கே எழுதவில்லை.

4

கதவைத் திறந்தவளுக்கு அறுபதை ஒட்டிய வயது. முன்னால் இரண்டு பல் இல்லை. விரல் நகங்களின் ஓரத்தில் பழைய சாயக்கறை.

(முகம் மங்கலாக இருந்தால் எல்லாப் பெண்களுக்கும் இருபத்தெட்டு வயது என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கதவு திறந்தபோது கீர்த்திக்கு எவ்வளவு அதிர்ச்சியோ எனக்கும் அவ்வளவு.)

"யாரும்மா? இன்னா வேணும்?"

"நான் சிவபாலன் வீட்டுக்காரி." மூன்று வாக்கியத்தில் இதுதான் முதலாவது. மற்ற இரண்டும் வரவில்லை.

"எக்ஸ்ரே புள்ளையா நீ? உள்ள வா. இன்னா, நூலு குடுத்து வுட்டானா?"

"என்ன நூலு?"

அந்த அம்மாள், இந்திராணி என்று பெயர், உள்ளே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஒனக்குத் தெரியாதா? பின்ன எதுக்கும்மா வந்த?"

கீர்த்தி ஃபோனை நீட்டினாள். இந்திராணி வாங்கி, எட்ட வைத்து, கிட்ட வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஐயே, எங்கூட்டு முருங்க மரம்," என்றாள். "போன வருசம் காத்துல சாஞ்சிபோச்சி. இத்த எப்ப புடிச்சாங்க? காயப் பாரு, எப்டித் தொங்குது."

கீர்த்தி அதுவரை அந்தப் படத்தில் ஒரு மரத்தைப் பார்க்கவே இல்லை.

"அதுக்குப் பக்கத்துல பாருங்க."

"நாந்தான். இன்னாத்துக்கு என் மூஞ்ச அழிச்சி வெச்சிக்கிறான்? அது சிவபாலன். கையில நூலு." இந்திராணி உட்கார்ந்தாள். கீர்த்தியையும் உட்காரச் சொன்னாள். "தோ பாரும்மா. நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லாத. சொன்னாலும் பரவால்ல, நான் தை மாசம் மவ வூட்டுக்கு ஓசூர் போறேன், அவன் இன்னா பண்ணுவான்னு எனக்கே கவலையா இருக்குது. அவனுக்குப் பச்சையும் அரக்கும் ஒண்ணுதான்."

"புரியல."

"கண்ணுக்கு ஒண்ணாத் தெரியுது. பொறந்ததுலேந்து. நான் முப்பது வருசம் சாயப் பட்டறையில நின்னவ. அவங்கப்பா காலத்துலயே எங்க பட்டறைக்கு வருவான். ஒருநாளு செவப்பக் கேட்டா பச்சைய எடுத்துக் குடுத்தான். நான் சிரிச்சேன். அவன் சிரிக்கல. அன்னைக்கே தெரிஞ்சிபோச்சி எனக்கு. அன்னைலேந்து நூலு வாங்கினா நேரா இங்க எடுத்தாருவான். வெயில்ல புடிச்சிப் பாத்து நான் முடிச்சிப் போட்டுக் குடுப்பேன். ஒரு முடிச்சின்னா அரக்கு, ரெண்டுன்னா பச்சை, மூணுன்னா காப்பிக் கொட்ட."

அந்த முடிச்சுகளைக் கீர்த்தி நூறு முறை பார்த்திருக்கிறாள். நெசவுக்காரர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நூலு குடுக்கறவனுக்குத் தெரிஞ்சா வேல குடுப்பானா? அதான் யாருக்கும் தெரியக் கூடாதுன்றான். பொண்டாட்டிகிட்ட சொல்லுடான்னு நான் எத்தினி தபா சொல்லிக்கிறேன். 'அவ ஆஸ்பத்திரில இருக்கறவ, டெஸ்ட்டு எடுத்து எழுதிக் குடுத்துடுவா. எழுதிட்டா அது நோயி ஆய்டும்மா. எழுதாத வரைக்கும் எனக்கு அது ஒரு பழக்கம், அவ்ளோதான்'னுவான்."

கீர்த்திக்கு முதலில் சிரிப்பு வந்தது. நாலு சவரன் சங்கிலி ஒரு கழி நூலாகிப் போயிற்றே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கோபம் வந்தது. ஆட்டோவில் வந்தபோது இருந்ததைவிடப் பெரிய கோபம். தக்காளி பழுத்ததா என்று அவன் எப்போதும் அமுக்கிப் பார்த்தே வாங்குவது, "மேல் லைட் எரிஞ்சா நிக்கணும்" என்று மகளுக்குச் சிக்னல் சொல்லிக்கொடுத்தது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. நாள் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படத்தில் யார் யாருடைய எலும்பையோ படித்துச் சொல்கிறவள். பக்கத்தில் படுத்திருப்பவனைப் படிக்கவில்லை.

இந்திராணி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

5

முடிவு. இதற்கு நான் இரண்டு எழுதிப் பார்த்தேன்.

(அ) கீர்த்தி வீட்டுக்கு வந்து கத்துகிறாள். ஒரு பக்கம் வந்தது. கிழித்துவிட்டேன். அவள் கத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பதிலுக்கு இவன் தத்துவம் பேச ஆரம்பித்துவிட்டான்.

(ஆ) கீர்த்தி எதுவுமே சொல்வதில்லை. இந்திராணி ஓசூர் போன பிறகு, அவனுக்குத் தெரியாமல் நூலில் தானே முடிச்சுப் போட்டு வைக்கிறாள். அழகான முடிவு. நண்பர் ஒருவருக்குப் படித்துக் காட்டினேன், கண் கலங்கினார். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. பதினான்கு வருடம் ஒருவர் மறைத்தாராம், இனிமேல் இன்னொருவர் மறைப்பாராம். இதைக் குடும்பம் என்று சொல்லி வாசகர் தலையில் கட்டுவது நியாயமா? (ஆ)வையும் விட்டுவிட்டேன்.

பிற்பாடு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் மர்மம் ஒன்றும் இல்லை. இந்திராணி தை மாதம் ஓசூர் போய்விட்டாள். முதலாளிக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. நூல் இப்போது கீர்த்தியின் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் நிறமாகப் பிரிகிறது. அவளுக்குக் கிளிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும் வித்தியாசம் சரியாகச் சொல்ல வரவில்லை. "அந்தம்மா கரெக்டா சொல்லும்பா," என்றான் சிவபாலன் ஒருநாள். இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். எந்த டெஸ்ட்டும் எடுக்கவில்லை. எடுக்கலாமா என்ற பேச்சு மட்டும் மாதம் ஒருமுறை வருகிறது.

ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைத் தாண்டியாக வேண்டும். அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

6

ஞாயிறு. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். சிவபாலன் தறியிலிருந்து எழுந்து கைகழுவிவிட்டு இட்லிக்கு உட்கார்ந்தான். கீர்த்தி நாலு நாளாகத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த கேள்விகளை எல்லாம் விட்டுவிட்டு, ஃபோனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது யாருங்க?"

அவன் குனிந்து பார்த்தான். இரண்டு விரலால் பெரிதாக்கினான்.

"நான்தான்," என்றான். "எப்டி கண்டுபுடிச்ச? மூஞ்சியே இல்லியே."

"கால வெச்சி."

மேசைக்கு அடியில் தன் காலைப் பார்த்துக்கொண்டான். ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தது. எடுத்துத் தனித்தனியாகத் தரையில் ஊன்றினான்.

"போயிருந்தியா?"

"போயிருந்தேன்."

"மோரு குடுத்துச்சா?"

"குடுத்தாங்க."

வேறு என்ன சொன்னாங்க என்று அவன் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் வாயால் வரட்டும் என்று அவள் நின்றாள். சட்னியிலிருந்து ஈயை ஓட்டினாள். நான் அவனுக்காக ஒரு நீண்ட வசனம் தயாராக வைத்திருந்தேன்: தொழில், பயம், மானம், அப்பா. நல்ல வசனம். அவன் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஃபோனைக் கையில் எடுத்து, அந்த வாசலில் நிற்கும் அம்மாளின் மேல் விரலை வைத்தான்.

"கீர்த்தி," என்றான். "இந்தம்மா கட்டிக்கினு இருக்குதே பொடவ. அது இன்னா கலரு?"

பதினான்கு வருடத்தில் அவன் அவளிடம் கேட்ட முதல் நிறம் அது.

'சிவப்பு' என்று எழுதினேன். அடித்துவிட்டேன். 'மாம்பழ மஞ்சள்' என்று எழுதினேன், அவனுக்குச் சுலபமாக இருக்கட்டுமே என்று. அது இரக்கப்படுவது போல இருந்தது, அதையும் அடித்தேன். 'பச்சை, ஆனா நீங்க நெனைக்கிற...' என்று ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. எந்த நிறத்தை எழுதினாலும் அது என் குரலில் கேட்கிறது, அவள் குரலில் கேட்க மாட்டேன் என்கிறது.

கீர்த்தி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து படத்தைப் பார்க்கிறாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, நீங்களும் உட்காரலாம். இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது. அவன் இன்னும் கைவைக்கவில்லை.

சொல்லுங்கள்.