காடை வரைந்த தட்டு

"எதுலடி சாப்பிட்டுக்கிட்டிருக்கே?" என்று சகுந்தலா மேடம் என்னைக் கேட்டார்.

வாய் நிறைய சாம்பார் சாதம். பின்வாசல் துவைகல்லுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருடம் அது. அம்மாவுக்கு மணிக்கட்டு பிசகியிருந்ததால் அவள் வேலை செய்யும் வீட்டுக்கு நானும் கூடப் போய்க்கொண்டிருந்தேன். டவுன்ஷிப்பில் பக்தவத்சலம் சார், சகுந்தலா மேடம் வீடு. அந்த வாரம் கூடத்துக்கு வெள்ளை அடித்தார்கள். சுவரில் இருந்ததையெல்லாம் இறக்கிப் பின்வாசல் அலமாரியில் வைத்திருந்தார்கள்.

எனக்குச் சோறு போட்டது சாரின் அக்கா. கல்யாணி அம்மா என்று பெயர், மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார். அலமாரியிலிருந்து ஒரு பீங்கான் தட்டை எடுத்துக் கழுவி, அதில் போட்டுக் கொடுத்தார். வெள்ளைத் தட்டு, விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு. நடுவில் தினைக் கதிருக்குக் கீழே இரண்டு காடைகள். எங்கள் செய்யூர் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே ஓடுமே, அதே காடை. இறகு இறகாக வரைந்திருந்தது. அவற்றின் கண்ணில் சாம்பார் படாமல் சோற்றை ஓரமாக ஒதுக்கித்தான் தின்றுகொண்டிருந்தேன்.

"அவளை ஏன் மிரட்டுறே? நான்தான் குடுத்தேன்" என்றார் கல்யாணி அம்மா. "பீங்கான் தட்டு ஒண்ணு தனியா பின்னால இருந்துச்சு. வேலைக்காரங்களுக்குன்னு வச்சிருக்கேன்னு நெனச்சேன். நம்ம ஊர்ல அப்படித்தானே?"

"ஐயோ அண்ணி! அது அவர் ஜப்பான்ல வாங்கிட்டு வந்தது. நூறு வருஷத்துப் பழசு. கையால வரைஞ்சது!"

"யார் வரைஞ்சா என்ன, பீங்கான் பீங்கான்தான். அதுல நாம சாப்பிடுவோமா?"

சத்தம் கேட்டு சார் வந்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விடுங்க. பொண்ணு சாப்பிடட்டும். நம்ம வீட்ல அந்தப் பேச்செல்லாம் கிடையாதுக்கா" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "சார் இன்னா சொன்னாரு, கேட்டியா ஜாய்ஸு? முன்ன வேலை செஞ்ச வூட்ல கையில தண்ணி ஊத்துவாங்கோ. இங்க அவங்க துண்ற எவர்சில்வர் தட்டுலயே எனக்கும் போடுறாங்கோ. அதுக்கோசரந்தான் யார் கூப்ட்டாலும் நான் வேற வூட்டுக்குப் போறதில்ல."

வெள்ளை காய்ந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார்கள். தட்டு இருந்த ஆணியில் மட்டும் காலண்டர் தொங்கியது. அன்று மதியம் சகுந்தலா மேடம் அந்தத் தட்டில் அம்மாவுக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்தார். "இது இனிமே உனக்குத்தான் சந்திரம்மா. இங்கேயே கழுவி வச்சுக்கோ."

அம்மா பூரித்துப் போனாள். ராத்திரி அப்பாவிடம் சொன்னாள்.

"இன்னாமே, ஜப்பான் மகாராணியா இனிமே நீ?" என்று சிரித்தார் அப்பா. பிறகு, "ஏன் சந்திரா, அம்மாம் பெரிய தட்ட உனுக்கு எதுக்குக் குடுக்குறாங்கோ? உம் பொண்ணு வாய் வச்சிட்டா இல்ல, அதான்" என்றார்.

"தூ, வாய மூடு. அவங்க நல்லவங்கோ. உன் புத்திதான் கோணலாக் கீது."

அதற்குப் பிறகு அம்மாவுக்கு எவர்சில்வர் தட்டு வரவில்லை. அப்பா சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரம் போய்விட்டுத் திரும்பும் வழியில் சாரின் நண்பர் ஜானகிராமன் வந்தார். மேடம் அம்மாவின் சோற்றைப் பின்வாசலில் மூடி வைத்துவிட்டு, காபியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். அம்மா ட்ரேயை எடுத்துக்கொண்டு போனாள். மணிக்கட்டு இன்னும் சரியாகாததால் பிஸ்கட்டை நான் தூக்கிப் போனேன்.

"எங்கேய்யா உன் ஜப்பான் தட்டு? வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டுவியே, காடை போட்டது?"

சார் காலண்டரைப் பார்த்தார். "அதுவா? வெள்ளை அடிக்கும்போது கை தவறி உடைஞ்சிடுச்சு."

"அடப்பாவி! நல்லா ஒட்டிப் பாக்கக் கூடாதா?"

"ஒட்டினாலும் பழையபடி மாட்ட முடியுமா? தூக்கிப் போட்டாச்சு."

அம்மா ட்ரேயோடு அவர் எதிரில்தான் நின்றாள். சார் அவள் பக்கம் திரும்பாமலே டம்ளரை எடுத்துக்கொண்டார். ஒரு சொட்டும் சிந்தாமல் அம்மா இன்னொரு டம்ளரை விருந்தாளிக்கு நீட்டினாள்.

பின்வாசலுக்கு வந்து மூடியை எடுத்தாள். சோறு ஆறியிருந்தது. மதில்மேல் காக்காய்க்குக் கொட்டினாள். காடைகளின் மேல் ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் ஒவ்வொன்றாக எடுத்தாள். சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையால் துடைத்து, அலமாரியில் சாய்த்து வைத்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"சாப்பிட்டியா சந்திரம்மா?" என்று கேட்டுக்கொண்டே சகுந்தலா மேடம் வந்தார். "சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் வா, பாத்திரம் நெறைய விழும்."

அம்மா செருப்பை மாட்டினாள்.

"என்ன, காது கேக்கலையா?"

பின்கேட்டின் கொக்கியை எடுத்தாள். என்னையும் கூப்பிடவில்லை. கேட்டைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தாள்.