மருந்துக்கடை வாசலில் இல்லாத வால்வு

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. அந்தச் சொல் "சரிதான்". அதைச் சொன்னவன் நான். சொல்லியிருக்கக் கூடாது.

முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன்: "நகராட்சிக் கூட்ட அரங்கில் அனல் பறந்துகொண்டிருந்த அந்தக் காலையில்..." அடித்துவிட்டேன். அனல் ஒன்றும் பறக்கவில்லை. பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "எங்கள் குடும்பம் நேர்மைக்குப் பெயர் போனது." அதையும் அடித்துவிட்டேன். காரணம் போகப் போகத் தெரியும்.

ஆகவே ஒரு பெரியவரைப் படைக்கிறேன். வயது எழுபத்திரண்டு. முதுகு வளையாதவர். தெருக்கோடிக் கடைக்குப் போனாலும் சட்டையின் கடைசிப் பொத்தான் வரை போட்டுக்கொள்பவர். (என்னைப் போலவே இருக்கிறாரே என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.)

2

பெரியவரின் அப்பா நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தொரு வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். நகரத்தின் நிலத்தடிக் குழாய்களுக்கெல்லாம் வரைபடம் வரைந்தவர். இன்றும் அங்கே அதுதான் வேதவாக்கு. பெரியவரின் தங்கை நகராட்சி உறுப்பினர். ஐம்பத்தெட்டு வயதாகிறது, இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் இன்னும் 'குட்டி'தான்.

விஷயம் இதுதான். கீழ்த்தெருவில் தண்ணீர் வருவதில்லை, சொட்டுகிறது. அதற்கு முன்னால் எங்கோ ஒரு வால்வு பாதி மூடியபடி இறுகிக் கிடக்கிறது. வரைபடத்தின்படி அது மருந்துக்கடை வாசலில் இருக்க வேண்டும். இரண்டு நாள் தோண்டினார்கள். மணல்தான் வந்தது. புதிதாக வந்திருக்கும் பொறியாளர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பழைய குழாயைக் கைவிட்டுப் புதுக் குழாய் பதிப்பது, அதற்கு வீட்டுக்கு வீடு கட்டணம் வசூலிப்பது, புதுக் குழாய் போகும் வேறு பாதையில் குறுக்கே நிற்கும் கட்டடங்களை இடிப்பது.

பார்வையாளர் வரிசையிலிருந்து கீழ்த்தெருத் தையல்காரம்மா எழுந்தார்.

"குழாயைத் திறந்து வெச்சுட்டுத் தைக்க உக்காருவேன். ஒரு சட்டை முடிஞ்சிடும், குடம் பாதிதான் இருக்கும். இதுல கட்டணம் வேறயா? எதுக்குய்யா, காத்துக்கா?"

"நாங்க என்னம்மா பண்றது? பழைய வரைபடமே தப்பு" என்றார் பொறியாளர்.

அவ்வளவுதான். குட்டி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"என்ன சொன்னீங்க? எங்கப்பா வரைபடம் தப்பா? நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி போட்ட கோடு அது. ஒழுங்காத் தோண்டுங்க. அதுல தப்பு இருந்தா எங்க வீட்டையே இடிச்சுக்குங்க!"

சபை சிரித்தது. பொறியாளர் மட்டும் சிரிக்காமல் அதைக் குறிப்பில் ஏற்றச் சொன்னார். இன்னும் ஆழமாகத் தோண்டிப் பார்க்கட்டும் என்று தலைவர் வாக்கெடுப்பை வியாழக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்ததும், கூட்டம் பார்க்க வந்திருந்த பெரியவரிடம் அவள் கேட்டாள்: "கொஞ்சம் ஓவராப் பேசிட்டேனா அண்ணா? அப்பா வரைபடம் சரிதானே?"

"சரிதான்" என்றார் பெரியவர்.

3

பொய்.

(இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு ஒரு பகல் முழுவதும் ஆனது. நடுவில் எழுந்துபோய் ஜன்னலைத் துடைத்தேன். ஜன்னல் சுத்தமாகத்தான் இருந்தது.)

வால்வு பெரியவர் வீட்டு முன்னறைக்கு அடியில் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் போய் மாடி ஏற முடியாமலானபோது, கீழே ஓர் அறை கட்ட வீட்டின் முன்புறம்தான் இடம் இருந்தது. குழாய் போகும் பாதை அது. அப்பா தெரிந்தேதான் கட்டினார். அன்று அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் பெரியவர். வரைபடத்தில் வால்வின் புள்ளி ஒரு விரல்கடை நகர்ந்தது. தெருவில் அது நாலு வீடு.

இதையும் எழுதியாக வேண்டும். அப்பா இருந்தவரை கீழ்த்தெருவில் தண்ணீர் நின்றதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கட்டிலை நகர்த்தி, தரைக்கல்லைப் பெயர்த்து, வால்வை மூடித் திறந்து எண்ணெய் போட்டு வைப்பார். "சின்ன வீட்டைப் பாத்தாச்சா?" என்று அம்மா கேட்பாள். அப்பா காது வரை சிவந்துபோவார். குட்டி அப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

இருவரும் போன பிறகு பெரியவர் அந்தத் தரைக்கு வழவழவென்று டைல்ஸ் பதித்தார். அதன் பிறகு யாரும் வால்வைத் திருப்பவில்லை. உள்தகடு துருவேறிப் பாதி இறங்கி அப்படியே இறுகிவிட்டது.

4

நகராட்சி வால்வுக்காரரை எல்லோரும் 'காது' என்பார்கள். இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். குழாயில் தண்ணீர் தாராளமாகப் போனால் சத்தம் இருக்காது. நெரிபட்டால் சீறும். அவரை வேலைக்கு எடுத்தவர் அப்பாதான்.

செவ்வாய்க்கிழமை காலை மருந்துக்கடையிலிருந்து வீடு வீடாகக் கம்பியை ஊன்றிக்கொண்டு வந்தவர், பெரியவர் வீட்டுப் படியில் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் மூடியே இருந்தார்.

"என்ன கேக்குது?" என்றார் பெரியவர்.

"ஒண்ணும் கேக்கலைங்கய்யா."

"நல்லாக் கேட்டியா?"

"நல்லாவே கேட்டேன். அதனாலதான் ஒண்ணும் கேக்கலைங்கறேன்." கம்பியைத் துண்டால் துடைத்தார். "பெரிய ஐயா பேரு கெடற மாதிரி என் வாயால ஒரு வார்த்தை வராது. ஆனா ஐயா, என் பொண்ணைக் கீழ்த்தெருவுலதான் குடுத்திருக்கேன்."

பெரியவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அவர் சொன்னது

(சொல்லவில்லை. வாக்கியத்தை அப்படியே விடுகிறேன்.)

5

முடிவுகளை யோசித்தேன்.

காது போய்ச் சொல்லிவிடுகிறார். இல்லை, சொல்லமாட்டார். என் கதைக்காக ஒரு நல்ல மனிதரை வாக்குத் தவற வைக்க மாட்டேன்.

குழாய் தானாகவே வெடித்து முன்னறையில் தண்ணீர் பீறிடுகிறது. வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் இப்படியா எழுதுவது?

பெரியவர் சபையில் எழுந்து, "மதிப்புக்குரிய உறுப்பினர்களே, எங்கள் குடும்பத்தின்..." அன்றைக்கே எழுந்தார். குட்டி சூளுரைத்த நொடியில் பாதி எழுந்தார். "பெருசு, உக்காரு! மறைக்குது!" என்றது பின்வரிசை. உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர் வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார். தீர்மானம் நிறைவேறுகிறது. கீழ்த்தெரு கட்டணமும் கட்டி இரண்டு வருடம் காத்தும் கிடக்கிறது. அப்பாவை ஏதோ கைதவறிய கிழவர் என்று நாலு பேர் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

உண்மையைச் சொன்னால், இந்தக் கடைசி முடிவை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் உறைத்தது. அப்பா ஒரு தப்பு செய்தார். செய்துவிட்டு, கடைசி வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மண்டியிட்டு அதைச் சரிசெய்துகொண்டே இருந்தார். மண்டியிட மறுத்தவன் நான். [பெரியவர் என்று எழுத வந்தேன். போகட்டும்.] அப்பாவின் மானத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு நான் காத்தது என் டைல்ஸை.

6

அவளிடம் நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. போன் போட்டேன். "சாப்டியா அண்ணா? மாத்திரை போட்டியா?" என்றாள். போட்டேன் என்று வைத்துவிட்டேன். இப்படி ஐந்து தடவை. "அண்ணா, உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று ஆறாவது தடவை அவளே கூப்பிட்டாள்.

என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். நான் எழுதுவதையெல்லாம் அவள்தான் தட்டச்சு செய்து பத்திரிகைக்கு அனுப்புகிறாள். இன்று புதன்கிழமை. பிற்பகலில் இந்தக் காகிதங்களை அவள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். கூட்டம் நாளைக் காலை பதினொரு மணிக்கு.

வாசகரே, இது அச்சில் உங்கள் கைக்கு வந்திருந்தால், அவள் கடைசி வரை படித்திருக்கிறாள் என்று பொருள். திட்டிக்கொண்டேயாவது அனுப்பியிருக்கிறாள். சபையில் அவள் என்ன சொன்னாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இந்த வரியை எழுதும் எனக்குத் தெரியாது.

7

குட்டி, இந்தப் பகுதி உன்னுடையது. நீ கூப்பிட்டால் நானே வந்து சொல்கிறேன். நீயே சொல்வதென்றால், வால்வு எங்கே இருக்கிறது என்று தொடங்காதே. அந்த அறை யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை முதலில் சொல். மற்றதையெல்லாம் என் தலையில் போடு.